கூடைக்குக் கூடை வரும் எடையை ஜாவாவில் எங்கே சேர்த்து வைப்பது?

மண்டபத்தில் வடகடல் பக்கம் மீன் கமிஷன் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவருக்கு எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு ஜாவா நிரல் எழுதிக் கொடுத்தான். கல்லூரியில் கடைசி வருஷம், கை துறுதுறுக்கும் வயது. வேலை சின்னதுதான். நண்டு, இறால், கணவாய் இதெல்லாம் கிலோ கணக்கு. ஒவ்வொரு கூடையாகத் தராசில் ஏறும், கடைப்பையன் எடையைத் தட்டுவான், படகு முடிந்ததும் மொத்தக் கூடை எத்தனை, மொத்த எடை எவ்வளவு என்று பில் வர வேண்டும். ஒரு மெத்தட் (பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடும் நிரல் துண்டு), அதை நூறு தடவை கூப்பிட வேண்டும், கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் ஒரு எண் சேர வேண்டும். இதில் என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

முதல் நாள் வந்து நின்றான். "அண்ணே, ஆட் வேலை செய்ய மாட்டேங்குது. பத்துக் கூடை போட்டாலும் மொத்தக் கூடை 1-ன்னே காட்டுது."

ஆட், அதாவது லிஸ்ட்டில் ஒன்றைச் சேர்க்கும் கட்டளை, நன்றாகத்தான் வேலை செய்தது. எடைபோடு என்ற மெத்தடின் முதல் வரியிலேயே நியூ அரேலிஸ்ட், அதாவது புதிதாக ஒரு பட்டியல் (லிஸ்ட்) உருவாக்கு, என்று எழுதியிருந்தான். (ஜாவாவில் மெத்தடுக்கும் மாறிக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம், கம்பைலர் முகம் சுளிக்காது, அவன் வைத்திருந்ததும் எனக்குப் பிடித்திருந்தது.) ஒவ்வொரு கூப்பிடலுக்கும் ஒரு புது லிஸ்ட் பிறக்கிறது, அதில் ஒரு எடை போகிறது, மெத்தட் முடிந்ததும் அந்த லிஸ்ட்டைப் பிடித்திருக்க ஆள் இல்லை, கார்பேஜ் கலெக்டர் வந்து அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. உள்ளங்கையில் பேனாவால் எடையை எழுதிக்கொண்டு அடுத்த கூடைக்குக் கை கழுவுகிற மாதிரி. இப்படி மெத்தடுக்குள்ளேயே பிறந்து அங்கேயே முடியும் உள்ளூர் மாறி தப்பானது என்றில்லை. ஒரே கூப்பிடலுக்குள் கணக்கை முடிக்கிறதற்கு, உதாரணமாக ஒரு கூடையில் உள்ள நண்டைத் தரம் பிரித்து மூன்று எடையாகக் கூட்டுவதற்கு, அதைவிடச் சுத்தமான இடம் கிடையாது. அடுத்த கூப்பிடல் வரைக்கும் உயிரோடு இருக்க வேண்டியதை அதில் வைக்க முடியாது, அவ்வளவுதான்.

எந்தக் கலெக்‌ஷன் நல்லது, அரேலிஸ்ட்டா லிங்க்டுலிஸ்ட்டா என்று எல்லோரும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி: இந்தச் சிட்டை, அதாவது எடைகளைச் சேர்த்து வைக்கும் லிஸ்ட், யாருடையது, அதை எப்போது கிழித்துப் போடலாம்? அதற்குப் பதில் தெரிந்தால் லிஸ்ட்டை எங்கே உருவாக்குவது என்று தெரிந்துவிடும்.

தம்பி என்ன செய்தான் என்றால், லிஸ்ட்டை மெத்தடுக்கு வெளியே தூக்கிப் போட்டு முன்னால் ஸ்டாட்டிக் என்று ஒரு வார்த்தை சேர்த்தான். நிரல் தொடங்கும் மெயின் மெத்தட் ஸ்டாட்டிக் என்பதால், அதிலிருந்து தொடப்போனால் கம்பைலர் "ஸ்டாட்டிக் இல்லாததைத் தொடாதே" என்று கத்தும், கத்தினால் பையன்கள் எல்லாவற்றுக்கும் ஸ்டாட்டிக் போட்டு அதன் வாயை அடைப்பார்கள்; இது எங்கும் நடப்பதுதான். உடனே ஓடியது. பத்துக் கூடை போட்டால் 10 என்று காட்டியது. பில் அடித்ததும் லிஸ்ட்டைக் காலி செய்ய கிளியர் என்று ஒரு வரி. அக்காவுக்கும் சந்தோஷம்.

அது மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கட்டிக் கிடக்கும், நாட்டுப்படகு மட்டும் ஒன்றிரண்டாக வரும். ஒரு படகு முடிந்த பிறகுதான் அடுத்தது. அதனால் அந்த நிரல் அழகாக ஓடியது.

தடை முடிந்து விசைப்படகுகள் போய்த் திரும்பிய முதல் காலையில் கதை கந்தலானது. இரண்டு படகு ஒன்றாகக் கரை சேர்ந்தால் யாரும் வரிசையில் நிற்க மாட்டார்கள். ஒரு படகின் நண்டுக் கூடை ஏறும், ஐஸ் போடுகிற இடைவெளியில் அடுத்த படகின் கணவாய் ஏறும், மறுபடி முதல் படகு. எல்லாம் ஒரே லிஸ்ட்டில் போய் விழுந்தது. ஒரு சம்மாட்டிக்கு (படகு உரிமையாளருக்கு) 31 கூடை என்று பில் வந்தது, அவர் இறக்கியது 17. பில்லைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, என் வலையில இவ்வளவு நண்டா? சந்தோஷம்தான், அப்ப காசையும் அதுக்குத் தக்கன குடுத்துரு" என்றாராம். மற்றவருக்கு என்ன வந்தது என்றால், அவர் பில் கேட்பதற்குள் லிஸ்ட் காலியாகியிருந்தது. அன்றைக்குக் கணக்கைக் கடைப்பையன் ஞாபகத்தில் வைத்துச் சரி செய்தார்கள்.

ஸ்டாட்டிக் என்றால் கடைச் சுவரில் மாட்டிய கரும்பலகை. அந்த கிளாஸுக்கு (மெத்தடையும் மாறியையும் சேர்த்து வைக்கும் அச்சு) ஒன்றே ஒன்றுதான் இருக்கும், யார் எழுதினாலும் அதில்தான் எழுத வேண்டும், கிளாஸை மெமரிக்கு ஏற்றிய கிளாஸ்லோடர் இருக்கும்வரை அதுவும் இருக்கும். மேசைமேல் ஓடும் நிரலுக்கு, மூடும்வரை. வெப் சர்வரில் போட்டால் இன்னும் மோசம்: வருகிற எல்லோருடைய கோரிக்கையும் அந்த ஒரே லிஸ்ட்டில் சேரும், யாரும் காலி செய்யாவிட்டால் மெமரி நிரம்பி ஒரு நாள் அவுட் ஆஃப் மெமரி என்று விழும். சரி, அப்படியானால் ஸ்டாட்டிக்கே கூடாதா? ஒரே ஆள், ஒரே கணக்கு, ஓடி முடிகிற நிரல், லேபில் காட்டப் போகிறது என்றால் தாராளமாகப் போடுங்கள், யாரும் உங்களைத் தூக்கில் போட மாட்டார்கள். மாறாத மீன் பெயர்ப் பட்டியல் மாதிரி எல்லோருக்கும் பொதுவானது என்றாலும் ஸ்டாட்டிக்தான் பொருத்தம். வளர்ந்துகொண்டே போகும் பட்டியலுக்குத்தான் அது ஆகாது.

தம்பி அடுத்து ஸ்டாட்டிக்கை விடாமலேயே ஒரு ஒட்டு போட்டான். லிஸ்ட்டுக்குப் பதில், சாவி சொன்னால் அதற்குரிய மதிப்பைத் தரும் ஒரு ஹாஷ்மேப், சாவி படகு எண், மதிப்பு அந்தப் படகின் எடை லிஸ்ட். கலப்பு நின்றது. ஆனால் அதே படகு சனிக்கிழமை மறுபடி வந்தபோது புதன்கிழமைக் கூடைகள் உள்ளேயே இருந்தன. அப்புறம் சாவியில் தேதியைச் சேர்த்தான். அப்புறம் ஒரே நாளில் இரண்டு தடவை இறக்கிய நாட்டுப்படகு ஒன்று வந்தது. சாவி நீண்டுகொண்டே போகிறது என்றால் அதற்குள் ஒரு ஆப்ஜெக்ட் (கிளாஸ் என்ற அச்சிலிருந்து நியூ போட்டு வார்த்தெடுப்பது) ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். வெளியே எடுத்துவிட வேண்டியதுதான்.

நான் சொன்னது இதுதான். இறக்கம் என்று ஒரு கிளாஸ் வை. ஒரு படகு கரைக்கு வந்து சரக்கு இறக்கினால் அது ஒரு இறக்கம், அதற்கு ஒரு நியூ. எடைகள் என்ற லிஸ்ட் அந்த கிளாஸின் ஃபீல்டு, அதாவது ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்கும் சொந்தமான மாறி, ஸ்டாட்டிக் இல்லாமல். எடைபோடு மெத்தடும் அதன் உள்ளேயே இருக்கட்டும். படகுக்கு ஒரு சிட்டை. மூன்று படகு ஒன்றாக வந்தால் மூன்று ஆப்ஜெக்ட், எந்தக் கூடை எதில் ஏறுகிறது என்பதில் குழப்பம் இல்லை. பில் கொடுத்து முடிந்ததும் அந்த ஆப்ஜெக்ட்டை யாரும் பிடித்திருக்காவிட்டால் தானாகப் போய்விடும், கிளியர் என்று தனியாக ஒரு வரி எழுத வேண்டியதே இல்லை. பத்தில் ஒன்பது தடவை எனக்கு இதுவே விடை.

அந்த ஃபீல்டுக்கு ஃபைனல் போடச் சொன்னேன், உடனே "ஃபைனல்னா அப்புறம் ஆட் பண்ண முடியாதேண்ணே" என்றான். முடியும். ஃபைனல் என்பது அந்தப் பெயர் வேறு லிஸ்ட்டுக்கு மாறக் கூடாது என்பதற்கு மட்டும். லிஸ்ட்டுக்குள் எத்தனை வேண்டுமானாலும் சேரலாம். தற்செயலாக யாராவது நடுவில் நியூ போட்டுப் பழைய எடைகளைத் தொலைக்காமல் காப்பதுதான் அதன் வேலை.

பாராமீட்டராக லிஸ்ட்டை அனுப்புவது இன்னொரு வழி, அதை நான் மட்டம் தட்ட மாட்டேன். கூப்பிடுகிறவர் தன் சிட்டையை நீட்டுகிறார், மெத்தட் அதில் எழுதித் திருப்பித் தருகிறது, சிட்டை யாருடையது என்பதில் சந்தேகமே இல்லை. தன்னைத் தானே கூப்பிடும் மெத்தடுக்கு இதுதான் வசதி: கோப்புறைக்குள் கோப்புறையாகப் புகுந்து பில் கோப்புகளைத் தேடிச் சேர்ப்பது மாதிரி. ஒரு கண்ணி மட்டும் உண்டு. ஜாவா லிஸ்ட்டை அல்ல, அதைச் சுட்டும் ரெஃபரன்ஸின் நகலைத்தான் அனுப்புகிறது. உள்ளே ஆட் செய்தால் வெளியே தெரியும், உள்ளே அதே பெயருக்கு நியூ அரேலிஸ்ட் என்று புதிதாக வைத்தால் வெளியே ஒன்றும் தெரியாது. மீன் கடைக்கு இந்த வழி ஏன் வேண்டாம் என்றேன் என்றால், திரையில் பட்டனை அழுத்துகிற இடம், தராசு படிக்கிற இடம், பில் அடிக்கிற இடம் எல்லாமே அந்த லிஸ்ட்டைக் கையில் தூக்கிக்கொண்டே அலைய வேண்டும்.

ஒவ்வொரு தடவையும் பழையதை நகலெடுத்து ஒன்று கூட்டிப் புது லிஸ்ட்டாகத் திருப்பித் தருவதும் ஒரு பாணி. மாறாத மதிப்புகளை விரும்புகிறவர்கள் அதற்குச் சத்தியம் செய்வார்கள். நூறு கூடைக்குச் செலவு ஒன்றும் இல்லை, ஆனால் கூப்பிடுகிறவர் திரும்பி வந்ததைப் பிடித்து வைக்க மறந்தால் எடை காணாமல் போகும், கம்பைலர் வாயைத் திறக்காது. புதியவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்தக் கதையில் தலைமுடியைப் பிய்த்துக்கொள்ள வைத்தது வேறு ஒன்று. சாயந்தரம் அன்றைய எல்லாப் படகுகளின் கணக்கும் ஒரே தாளில் வேண்டும் என்று அக்கா கேட்டார். தம்பி அதைக் கொஞ்சம் "சிக்கனமாக" எழுதினான்: படகுக்குப் படகு திரும்ப ஓடும் லூப்புக்கு வெளியே ஒரே ஒரு எடை லிஸ்ட், ஒவ்வொரு படகு தொடங்கும்போதும் அதைக் கிளியர், பிறகு எடைகள், படகு முடிந்ததும் அதை நாள் லிஸ்ட்டில் சேர்ப்பது. மெமரி மிச்சம் என்று நினைப்பு. தாளைப் பார்த்தால் ஆறு படகு, ஆறுக்கும் ஒரே எடைகள், அத்தனையும் கடைசியாக வந்த படகுடையவை. நாள் லிஸ்ட்டில் ஆறு இடம் இருந்தது, ஆறு இடமும் ஒரே லிஸ்ட்டைத்தான் சுட்டின. சேர்க்கும்போது ஜாவா உள்ளே இருப்பதை நகலெடுக்காது, ஆளைக் காட்டும் விரலைத்தான் வைத்துக்கொள்ளும். ஒரே நோட்டின் மேல் ஆறு படகின் பெயரை ஒட்டிவிட்டு நோட்டை அழித்து அழித்து எழுதினால் வேறு என்ன வரும். நியூ அரேலிஸ்ட்டை லூப்புக்கு உள்ளே கொண்டுபோனதும் சரியானது. வேடிக்கை என்னவென்றால் முதல் நாள் பிழை நியூவை உள்ளே வைத்ததால், இந்தப் பிழை வெளியே வைத்ததால். உள்ளேயா வெளியேயா என்று மனப்பாடம் செய்தால் தேறாது. ஒரு சிட்டை ஒரு கூடைக்கா, ஒரு படகுக்கா, ஒரு நாளுக்கா என்று கேட்டால் நியூ எங்கே வர வேண்டும் என்று அதுவே சொல்லும்.

சரி, இனி இரண்டாவது கேள்வி: எந்த வகை லிஸ்ட்?

சாதா அரே (உருவாக்கியபின் அளவு மாறாத வரிசை) வேண்டாம். அளவு முன்கூட்டியே தெரியாத இடத்தில், ஒவ்வொரு எடைக்கும் ஒரு இடம் கூடுதலாகப் புது அரே உருவாக்கிப் பழையதை நகலெடுத்தால், 1000 எடை சேர்ப்பதற்குள் 4,99,500 நகல் நடந்திருக்கும். அரேலிஸ்ட்டும் உள்ளுக்குள் அரேதான், ஆனால் புத்தியாக வளர்கிறது: முதல் ஆட் வரும்போது 10 இடம், நிரம்பினால் ஒன்றரை மடங்கு, 15, 22, 33, 49 என்று போகும். அதே 1000 எடைக்கு 12 தடவை மட்டும் இடம் பெருகும், மொத்த நகல் 2,456. இந்த வித்தியாசத்தைப் பார்த்த பிறகு நீங்களாக வளர்க்கும் அரேயை எழுத மனசு வராது.

லிங்க்டுலிஸ்ட் பற்றிப் பாடப்புத்தகம் "அடிக்கடி சேர்ப்பதற்கு நல்லது" என்று சொல்லும், தேர்வில் அப்படியே எழுதி மார்க் வாங்கிக்கொள்ளுங்கள். கடைசியில் சேர்த்துக்கொண்டே போவதற்கு அரேலிஸ்ட்டே போதும். லிங்க்டுலிஸ்ட்டில் ஒவ்வொரு எடைக்கும் ஒரு கணு, முன்னவர் யார் பின்னவர் யார் என்று இரண்டு சுட்டி, வழக்கமான 64 பிட் ஜேவிஎம்மில் (ஜாவா நிரலை ஓட்டும் மென்பொருள்) கணுவுக்கு 24 பைட். அரேலிஸ்ட்டில் அதே இடத்துக்கு 4 பைட் சுட்டி ஒன்று. நடுவில் 50-வது கூடையை எடுக்க வேண்டுமானால் ஒரு முனையிலிருந்து எண்ணிக்கொண்டே போக வேண்டும். எடைக்காகக் காத்திருக்கும் படகு வரிசை, முதலில் வந்தவர் முதலில் என்றால்கூட, இரண்டு முனையிலும் சேர்க்கவும் எடுக்கவும் முடிகிற அரேடெக் இருக்கிறது.

மீன் வாரியாகப் பிரிக்க மேப் வேண்டும், அது நியாயமான தேவை. கம்ப்யூட் இஃப் ஆப்சென்ட் என்ற மெத்தட் ஜாவா 8-ல் வந்தது. சாவி இல்லையென்றால் புது லிஸ்ட் வைத்து, இருந்தால் இருப்பதையே கொடுக்கும், அதன் மேல் ஆட் போட்டால் ஒரே வரியில் முடிந்தது. இதில் ஹாஷ்மேப்பா, லிங்க்டுஹாஷ்மேப்பா என்பதை மட்டும் கவனியுங்கள். ஹாஷ்மேப் எந்த வரிசைக்கும் உத்தரவாதம் தராது. தராசில் நண்டு, கணவாய், இறால் என்று ஏறியது, பில்லில் இறால், நண்டு, கணவாய் என்று வந்தால் தொகை சரியாக இருந்தாலும் ஒரு சம்மாட்டியும் நம்ப மாட்டார், வரிக்கு வரி விரல் வைத்துத் திரும்ப எண்ணுவார். லிங்க்டுஹாஷ்மேப் ஏறிய வரிசையைக் காக்கும். அதன் கூடுதல் செலவு கண்ணுக்கே தெரியாது.

எடையை இன்டிஜராக (முழு எண்ணாக) வைத்திருந்தால் ஒரு பொறி. ஆரம்பத்தில் அவன் முழுக் கிலோவாக வைத்திருந்தான். 3 கிலோ என்று தப்பாகத் தட்டியதை நீக்க ரிமூவ் அடைப்புக்குறிக்குள் 3 என்று எழுத, போனது 4-வது கூடை. லிஸ்ட்டில் ரிமூவ் இரண்டு விதம், வெறும் எண்ணைக் கொடுத்தால் அதை இட எண்ணாக எடுத்துக்கொள்ளும், எண்ணிக்கை பூஜ்யத்தில் ஆரம்பிக்கும். மதிப்பைத்தான் நீக்க வேண்டும் என்றால் இன்டிஜர் வேல்யூ ஆஃப் 3 என்று கொடுக்க வேண்டும். பிறகு எடையை முழுக் கிராமாக மாற்றினோம், 12.4 கிலோ என்றால் 12400. டபுள் என்ற தசம எண் வகையில் 0.1, 0.2 இரண்டையும் கூட்டினால் சரியாக 0.3 வராது என்பதை மீன் கடையில் விளக்கிக்கொண்டு நிற்க முடியாது.

லிஸ்ட்டை வெளியே கொடுக்கும் மெத்தடிலும் ஜாக்கிரதை. பில் அச்சடிக்கும் பகுதி "பெரிய எடை முதலில்" என்று அழகாக அடுக்கியது. அடுக்கியது மூலப் பட்டியலையே. அதனால் நகலைக் கொடுங்கள், நியூ அரேலிஸ்ட் அடைப்புக்குள் பழைய லிஸ்ட் என்று எழுதினால் எந்தப் பதிப்பிலும் நகல் கிடைக்கும். அன்மாடிஃபையபிள் லிஸ்ட் என்பது நகல் அல்ல, கண்ணாடி ஜன்னல்: வாங்கியவர் தொட முடியாது, ஆனால் உள்ளே மாறுவது அவருக்குத் தெரியும். திரையில் ஓடும் மொத்தத்தைக் காட்ட அதுவே தோது.

இரண்டு தராசு, இரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு வேலை) என்று போனால் சாதா அரேலிஸ்ட் எடையைத் தின்றுவிடும். இரண்டு பேர் ஒரே இடத்தில் எழுதினால் ஒன்று போகும். ஒவ்வொரு எழுத்துக்கும் முழு நகல் எடுக்கும் காப்பி ஆன் ரைட் வகை இங்கே பொருந்தாது, அது படிப்பவர் அதிகம், எழுதுபவர் குறைவு என்கிற இடத்துக்கு. ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் எழுத விடும் சிங்க்ரனைஸ்டு லிஸ்ட் போதும். அக்காவிடம் இருப்பது ஒரு தராசு, விட்டுவிட்டோம். கரண்ட் விஷயத்தை விட முடியவில்லை. வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் எப்போது கரண்ட் போகும் என்று சொல்ல முடியாது, மெமரியில் இருக்கும் லிஸ்ட் எதுவானாலும் அதோடு போச்சு. அதனால் எடைபோடு மெத்தட் லிஸ்ட்டில் சேர்க்கும் முன் ஒரு கோப்பின் கடைசியில் ஒரு வரி எழுதுகிறது, திறக்கும்போது அதைப் படித்து லிஸ்ட்டை நிரப்புகிறது.

போன வாரம் அக்காவே கூப்பிட்டார். "தம்பி, பையன் கடைசிக் கூடையை ரெண்டு தடவ அடிச்சுட்டான், கடைசி ஒண்ண மட்டும் எடுக்க பட்டன் வேணும்." ஜாவா 21-ல் லிஸ்ட்டுக்கே ரிமூவ் லாஸ்ட் வந்துவிட்டது என்று நம்ம ஆள் உற்சாகமாக எழுதிக்கொண்டு போனான், கடைக் கம்ப்யூட்டரில் கிடந்தது ஜாவா 8. அளவிலிருந்து ஒன்றைக் கழித்து அந்த இடத்தை ரிமூவ் செய்தான், கோப்பில் இருக்கும் வரியை என்ன செய்வது என்று இப்போது என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான்.